கணினிப் பாகங்களை வீட்டிலேயே மாட்டும்போது மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராம் மாற்ற, எஸ்எஸ்டி போட, கிராபிக்ஸ் கார்டு மாட்ட உட்காரும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் பாதி வேலையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை இவை. பல வருடமாகக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவர்கள் பயப்படத் தேவையில்லாத இடத்தில் நடுங்குகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமாகக் கையை விடுகிறார்கள். கணினிக்குள் இரண்டு வகை ஆபத்து உண்டு. ஒன்று, சுவரிலிருந்து வரும் மின்சாரம் உங்களை அடிப்பது. மற்றது, உங்கள் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் பாகங்களை அடிப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

கேபினெட்டைத் திறந்து உள்ளே கை வைத்தால் ஷாக் அடிக்குமா?

பிளக்கைப் பிடுங்கியிருந்தால் அடிக்காது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மதர்போர்டை, அதாவது பாகங்கள் எல்லாம் மாட்டப்படும் அந்தப் பெரிய பலகையைத் தொட்டாலும் உங்களுக்கு ஷாக் அடிக்கப்போவதில்லை. அங்கே ஓடுவது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட்தான். உலர்ந்த தோல் வழியாக உறைக்கிற அளவுக்கு மின்சாரத்தைத் தள்ள 12 வோல்ட்டுக்குத் தெம்பு போதாது. சுவர் மின்சாரம் வந்து நுழையும் இடம் கேபினெட்டுக்குள் ஒன்றே ஒன்று: பவர் சப்ளை என்கிற அந்த மூடிய இரும்புப் பெட்டி. பலர் அதை எஸ்எம்பிஎஸ் என்பார்கள். அதற்கு உள்ளே ஒரு உலகம், வெளியே வேறு உலகம்.

ஆனால் ஷாக் அடிக்காது என்பதால் சுடாது என்று நினைத்துவிட வேண்டாம். வோல்ட் குறைவு, ஆம்பியர் ஏராளம். 850 வாட் பவர் சப்ளை 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் வரை கொடுக்கும். மோதிரம் ஒன்று 12 வோல்ட் முனைக்கும் கேபினெட் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அது விரலிலேயே சூடாகிவிடும். ஷார்ட் ஆனதும் பவர் சப்ளை தானாக நின்றுவிட வேண்டும், பெரும்பாலும் நிற்கவும் செய்யும். அந்தப் ‘பெரும்பாலும்’ மீது என் விரலை வைக்க நான் தயாரில்லை. மோதிரம், உலோகப் பட்டை வாட்ச், வளையல், குனிந்தால் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஷட்டவுன் செய்துவிட்டேன். பிளக்கையும் பிடுங்க வேண்டுமா?

வேண்டும். ஷட்டவுன் என்பது தூக்கம் மாதிரிதான். பவர் பட்டனைத் தொட்டவுடன் எழ வேண்டுமே, அதற்காக 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஒன்று மதர்போர்டுக்கு எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது. பல மதர்போர்டுகளில் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு இதைக் காட்டிக்கொடுக்கும். கணினி அணைந்திருக்கும், விளக்கு மட்டும் எரியும். அது எரியும்போது ராமைப் பிடுங்கினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ராமுக்கோ மதர்போர்டுக்கோ ஆகலாம்.

நான் செய்யும் வரிசை இது. ஷட்டவுன். பிறகு பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்சை வட்டக் குறி பக்கம் தள்ளுவேன். பிறகு பவர் கயிற்றைப் பிடுங்குவேன். அதன் பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பேன். அந்த நேரத்தில் மதர்போர்டு விளக்கைப் பாருங்கள். உடனே அணையாது. மெதுவாக மங்கி, அப்புறம்தான் சாகும். சில சமயம் மின்விசிறி ஒரு அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களில் மிச்சமிருந்தது வடிகிறது என்பதன் அடையாளம் அது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன்.

சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். அந்தச் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேஸ் உள்ளேதான் இருக்கும். பிளக் கையில் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

எர்த் தொடர்பு இருக்கட்டும் என்பதற்காகப் பிளக்கை விட்டுவைத்து, சுவிட்சை மட்டும் அணைக்கச் சொல்பவர்களும் உண்டு. நிலைமின்சாரக் கணக்கில் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாகத்துக்காக ஆளைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலைமின்சாரத்துக்கு வேறு வழி உண்டு, கீழே வருகிறது.

யுபிஎஸ் வைத்திருக்கிறேன். அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன், சரிதானே?

இல்லை! யுபிஎஸ்ஸின் பிழைப்பே கரண்ட் போனதும் கரண்ட் கொடுப்பதுதான். சுவரிலிருந்து பிடுங்கினால் அது பேட்டரியில் ஓடி, கணினிக்கு முழு வோல்ட்டையும் தந்துகொண்டே இருக்கும். கணினியின் கயிற்றை யுபிஎஸ்ஸிலிருந்து பிடுங்குங்கள்.

பவர் சப்ளைக்குள் ஒரே தூசி. நாலு திருகுதானே, திறந்து துடைக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

230 வோல்ட் என்கிறோமே, அது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சம் 325 வோல்ட் வரை போகும். பவர் சப்ளை அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. இன்றைய பவர் சப்ளைகளில் இருக்கும் திறன் காரணித் திருத்தச் சுற்று (பிஎஃப்சி) அதை இன்னும் ஏற்றி, 380 முதல் 400 வோல்ட் வரை கொண்டுபோய் ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்குகிறது. 110, 120 வோல்ட் ஓடும் நாட்டிலும் இந்தச் சுற்று உள்ள பவர் சப்ளைக்குள் இதே 380-தான். கெபாசிட்டர் பார்க்கக் கட்டைவிரல் பருமனில் கறுப்பு டப்பா மாதிரி இருக்கும். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 380 வோல்ட்டில் நிரம்பியிருந்தால் உள்ளே 34 ஜூல் இருக்கிறது. கையில் பாய்ந்தால் இதயம் வரை போகக்கூடிய அளவு அது.

பிளக்கைப் பிடுங்கினால் அது வடிந்துவிடாதா? வடிவதற்கென்று ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் வடியும். அது எரிந்துபோயிருந்தால் வடியாது. எரிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதிலும் பழுதான பவர் சப்ளையைத்தான் எல்லோரும் திறக்க ஆசைப்படுகிறார்கள், அதுதான் இருப்பதிலேயே நம்ப முடியாதது. வீட்டு மெயின் பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அது சுவரிலிருந்து வரும் மின்சாரம் கசிந்தால்தான் பார்க்கும். பிளக் பிடுங்கிய பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் அதன் கண்ணில் படவே படாது.

தூசிக்கு வெளியிலிருந்து காற்று ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடியுங்கள். விசிறி சத்தம் போடுகிறதா, பழையதாகிவிட்டதா, முழுப் பவர் சப்ளையையும் மாற்றுங்கள்.

பவர் சப்ளையின் பின்னால் சிவப்பாக ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதே?

பழைய பவர் சப்ளைகளிலும் சில மலிவானவற்றிலும் இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. உங்கள் ஊர் வோல்ட் எதுவோ அதில் இருக்க வேண்டும். 230 வோல்ட் வரும் வீட்டில் அதை 115-இல் வைத்து ஆன் செய்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் தாங்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு ‘டமார்’ என்று வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினி என்றால் முதலில் இதைப் பாருங்கள். அந்தச் சுவிட்சே இல்லாத புதிய பவர் சப்ளைகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே பார்த்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. கணினி கெட்டுவிட்டதா?

கணினி கெடவில்லை. உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை.

இது மின் இரைச்சலை வடிகட்டும் வேலையால் வருவது. பவர் சப்ளையின் வாசலில் ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்றுமாக இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். அவை வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் பூமிக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் நிற்பதால் சரியாகப் பாதி வோல்ட், அதாவது 230-க்கு 115. நீங்கள் வெறுங்காலோடு தரையில் நின்று தொட்டால் நீங்களே எர்த் கம்பி. கசிவது பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பியருக்குள்தான் இருக்கும், அதனால்தான் உதறாமல் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. விரல் நுனியை விடப் புறங்கையால் மெல்லத் தடவினால் நன்றாகத் தெரியும், ஏதோ அதிர்வது மாதிரி இருக்கும். மானிட்டர், பிரிண்டர் எல்லாம் அதே எர்த் இல்லாத ஜங்ஷன் பாக்ஸில் இருந்தால் எல்லாவற்றின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

‘இவ்வளவுதானா, அப்படியே இருக்கட்டும்’ என்று விடுபவர்கள்தான் அதிகம். இன்றைக்குச் சுர்ரென்பது பெரிய ஆபத்தில்லை, உண்மைதான். நாளைக்குப் பவர் சப்ளைக்குள் ஒரு கம்பி விட்டுப்போய்க் கேபினெட்டைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் அந்த நொடியே பெருமின்சாரம் பாய்ந்து ஃப்யூஸ் போகும், அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. முழு 230 வோல்ட்டோடு கேபினெட் அடுத்து வந்து தொடுபவருக்காகக் காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு: இப்படி மின்சாரம் ஏறி நிற்கும் கணினியை எர்த் உள்ள டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கும்போது, போர்ட்டே போய்விடுவதுண்டு.

தீர்வு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்வதுதான். இதில் மூன்று குறுக்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றும் வேண்டாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது ஒன்று. குழாயில் கம்பியைச் சுற்றுவது இன்னொன்று, குழாய் பாதியில் பிளாஸ்டிக்காக இருக்கும். மூன்றாவதுதான் படுமோசம்: பிளக் பாயிண்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. டெஸ்டர் விளக்கு அணைந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி. என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்கோ விட்டுப்போனால் கேபினெட் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும்.

நிலைமின்சாரம் உண்மையா, கடைக்காரர் கிளப்பும் பயமா?

உண்மை. பள்ளிக்கூடத்தில் சீப்பால் தலையை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளைத் தூக்கிப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கதவுக் குமிழைத் தொடும்போது ‘பட்’ என்று விரலில் பொறி பட்டால், அந்த நொடியில் உங்கள் உடம்பில் ஏறக்குறைய 3000 வோல்ட்டாவது இருந்தது என்று அர்த்தம். அதற்குக் கீழே இருந்தால் நமக்கு உறைக்காது. உறைக்காத சில நூறு வோல்ட்டே சில சிப்புகளுக்குப் போதும். நமக்கு ஏன் அந்த 3000 வோல்ட் ஒன்றும் செய்வதில்லை? வோல்ட் பெரிது, சரக்கு குறைவு. ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பவர் சப்ளைக் கெபாசிட்டரின் 34 ஜூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வோல்ட்டை மட்டும் வைத்துப் பயப்படக் கூடாது என்பது புரியும்.

அதே சமயம், இன்றைய மதர்போர்டையோ ராமையோ வெறும் கையால் தொட்டாலே செத்துவிடும் என்பதும் மிகை. தனியாக இருக்கும் சிப்பை விடப் பலகையில் பற்ற வைத்த சிப்புக்குப் பாதுகாப்பு அதிகம். தொல்லை என்னவென்றால், அடிபட்ட பாகம் அன்றைக்கே சாகாமல் சில மாதம் கழித்துக் காரணமில்லாமல் ஹேங் ஆகலாம். அதனால் பயப்படாமல், ஆனால் பழக்கமாகச் செய்ய வேண்டியது: பாகத்தை எடுக்கும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். நடுநடுவே திரும்பவும் தொடுங்கள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் முதலில் அதைத் தொடுங்கள். பாகங்களை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பட்டைகளில் விரல் வேண்டாம். கார்பெட் அறை, கம்பளி, பாலியஸ்டர் சட்டை, குளிர்காலத்து வறண்ட காற்று எல்லாம் நிலைமின்சாரத்துக்குக் கொண்டாட்டம். காற்றில் ஈரப்பதம் இருந்தால் தொல்லை குறைவு.

பூமியோடு இணைந்திருக்க வேண்டுமே என்று கவலைப்படுபவர்களுக்கு: நீங்களும் கேபினெட்டும் கையிலிருக்கும் பாகமும் ஒரே மின்மட்டத்தில் இருந்தால் போதும். மட்டம் ஒன்றானால் எங்கிருந்து எங்கே பாயும்? அதனால்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டே வேலை செய்யலாம் என்றேன்.

மணிக்கட்டுப் பட்டை வாங்க வேண்டுமா? வீட்டிலிருக்கும் வயரைச் சுற்றிக்கொள்ளலாமா?

இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஆனால் வயரைச் சுற்றிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் பட்டையின் கயிற்றுக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிறது. நிலைமின்சாரம் வடிய அது தடையில்லை. ஆனால் தவறிப்போய் மறு கை 230 வோல்ட்டில் பட்டால், பட்டை வழியாக ஓடும் மின்சாரத்தைக் கால் மில்லிஆம்பியருக்குள் அது மட்டுப்படுத்திவிடும். வெறும் வயரில் அந்த ரெசிஸ்டர் இல்லை. உங்களை நீங்களே எர்த்தில் கட்டிப்போட்டுக்கொண்டு ஃபேஸைத் தொடுவதற்குச் சமம்.

பட்டையின் கிளிப்பைக் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள், பெயிண்ட்டின் மேல் மாட்டுவது வீண். கணினியை ஆன் செய்யும் முன் கழற்றிவிடுங்கள். கயிறே இல்லாத ‘வயர்லெஸ்’ பட்டை என்று ஒன்றை விற்கிறார்கள். கயிறில்லாமல் எங்கே போய் வடியும்?

மதர்போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து வேலை செய்யலாமா?

மாட்டும் வரை வைத்திருக்கலாம், ஆன் மட்டும் செய்யாதீர்கள். பையின் பாதுகாப்பு அதன் உள்ளே இருப்பதற்குத்தான். அதில் மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. மேலே வைத்து மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது நல்லதல்ல. வெளியே வைத்து ஓட்டிப் பார்க்க அது வந்த அட்டைப் பெட்டியே போதும்.

புதுப் பவர் சப்ளை வாங்கினேன். பழைய கேபிள்கள் ஏற்கெனவே அழகாக ஓடியிருக்கின்றன, பெட்டியை மட்டும் மாற்றலாமா?

இந்த யோசனை எனக்கும் வந்தது. கழற்றி மாட்டும் வகைக் கேபிள்கள். பழைய பவர் சப்ளையில் அதே ஆறு முனைச் சாக்கெட், புதியதிலும் அதே ஆறு முனைச் சாக்கெட். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. கேபிளை எல்லாம் பிரித்துத் திரும்பக் கட்டும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாகப் பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு விநாடி விசிறி சுற்றியது, நின்றது. கருகிய வாசனை, முடி தீய்ந்தால் வருமே அந்த மாதிரி. அந்த ஒரு விநாடியில் எஸ்எஸ்டி போயே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பாதுகாப்பு டையோடு தன் உயிரைக் கொடுத்துத் தகவலைக் காப்பாற்றியது. தெரிந்த ஒருவர் அந்த டையோடைப் பெயர்த்தெடுத்தபின் டிஸ்க் ஓடியது.

காரணம் இதுதான். கேபிளின் கணினிப் பக்க முனைகளுக்குப் பொதுவான தரம் உண்டு, பெரும்பாலான கம்பெனிகள் மீறுவதில்லை. பவர் சப்ளைப் பக்க முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பது தயாரித்தவர் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். என் டிஸ்க்குகளுக்கு 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. பவர் சப்ளையை மாற்றினால் அதனோடு வந்த கேபிள்களைத்தான் போட வேண்டும். அன்றிலிருந்து பழைய கேபிள்களை நான் பவர் சப்ளையோடு சேர்த்துக் கட்டித்தான் பரணில் போடுகிறேன்.

எட்டு முனைக் கேபிள் இரண்டு இருக்கின்றன. எது ப்ராசஸருக்கு, எது கிராபிக்ஸ் கார்டுக்கு?

நாலு, நாலாகப் பிரிவது ப்ராசஸருக்கு. ஆறு, இரண்டாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பெரும்பாலும் மேலேயே எழுதியிருக்கும். ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் எர்த் இருக்கும், அதனால் மாற்றிச் சொருகினால் நேரடி ஷார்ட். மாற்றிப் போகாமலிருக்கத் துளைகளின் வடிவத்தை வேறுவேறாக வைத்திருக்கிறார்கள். பலத்தைப் போட்டு அழுத்தினால் மலிவான முனை வளைந்துகொடுத்துவிடும். உட்கார மறுக்கும் முனையோடு சண்டை போட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கும். ஆறு முனை இன்னொரு 75, எட்டு முனை 150. பெரிய கார்டுகளில் வரும் 16 முனைக் கேபிள் மட்டும் தனிக் கதை. அது 600 வாட் வரைக்கும் ஆனது, அதாவது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அந்த ஐம்பதையும் ஆறு சின்ன முனைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒன்றுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். முழுதாக உட்காராமல் ஓரிரு முனைகள் சரியாகத் தொடாவிட்டால் மிச்சமிருப்பவை சுமந்து சூடேறி பிளாஸ்டிக் உருகும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு வந்த சமயத்தில் இப்படி உருகிய படங்கள் நிறைய வந்தன. அடுத்த ஆண்டே முனைகளின் நீளத்தை மாற்றி, சரியாக உட்காராவிட்டால் மின்சாரம் கேட்காதபடி திருத்தினார்கள். திருத்தியதோ பழையதோ, சொருகிய பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். இடைவெளி மயிரிழைகூடத் தெரியக் கூடாது. முனையை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள், மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராகப் போகட்டும்.

மோலெக்ஸிலிருந்து (பழைய நாலு முனைப் பவர் இணைப்பு) சாட்டாவுக்கு (இன்றைய டிஸ்க்குகளின் தட்டையான இணைப்பு) மாற்றும் குட்டிக் கேபிள் பாதுகாப்பானதா?

சாட்டா முனையை உற்றுப் பாருங்கள். ஒரே வார்ப்பாக உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் என்றால் தவிர்த்துவிடுங்கள். சாட்டா பவர் முனையில் 15 பட்டைகள் 1.27 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. உள்ளே கம்பி கொஞ்சம் நகர்ந்து உறைந்திருந்தால், நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். தனித்தனியாகக் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும் வகை பரவாயில்லை.

மதர்போர்டைத் திருகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேபினெட் இரும்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவே பித்தளைத் தாங்கிகள் வரும். மதர்போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும்தான் தாங்கி இருக்க வேண்டும். பழைய போர்டுக்குப் போட்ட தாங்கி ஒன்று துளையில்லாத இடத்தில் நின்றால், போர்டின் அடிப்பக்கத்துப் பற்றவைப்புகளில் முட்டி ஷார்ட் ஆக்கும். மாட்டும் முன் எண்ணுங்கள்.

திருகுகளையும் எண்ணுங்கள். ஒன்று விழுந்து காணாமல் போனால், அது கிடைக்கும் வரை ஆன் செய்ய வேண்டாம். கேபினெட்டைத் தூக்கி மெல்ல ஆட்டினால் ‘டங்’ என்று எங்கோ சொல்லும். ப்ராசஸருக்குத் தடவும் சாதாரணப் பேஸ்ட் கொஞ்சம் வழிந்தால் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. ‘லிக்விட் மெட்டல்’ வகை நன்றாகவே கடத்தும், முதல் தடவை மாட்டுபவர்கள் அதன் பக்கம் போகாமலிருப்பது உத்தமம்.

மதர்போர்டு பட்டன் பேட்டரியை மாற்றுவதில் ஆபத்து உண்டா?

மாட்டுபவருக்கு இல்லை, 3 வோல்ட்தான். வீட்டில் குழந்தை இருந்தால் உண்டு. கழற்றிய பேட்டரி ‘தீர்ந்தது’ என்றாலும் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். கழற்றியதும் மேலும் கீழும் டேப் ஒட்டி உயரத்தில் வையுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லேப்டாப்புக்கும் இதே விதிகள்தானா?

ஒன்று கூடுதல்: சார்ஜரைப் பிடுங்கினாலும் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி முனையை மதர்போர்டிலிருந்து விடுவிப்பது, பிளாஸ்டிக் துண்டால். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள்.

இடி மின்னலுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் போதாதா?

நேராகவோ பக்கத்திலோ விழும் இடிக்கு எதுவும் போதாது, பிளக்கைப் பிடுங்குவதுதான். இணையக் கேபிளையும் பிடுங்குங்கள், பலர் மறப்பது இதைத்தான். இடி அந்த வழியாகவும் வரும். சர்ஜ் ப்ரொடெக்டர் அன்றாட வோல்ட் துள்ளல்களுக்கு நல்லது, ஆனால் எர்த் இல்லாத பாயிண்டில் அதன் வேலை பாதிதான் நடக்கும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவும் தேயும்.

பக்கத்தில் இருப்பவருக்கு ஷாக் அடித்தால்?

அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் கம்பியை விலக்குங்கள். 10 மில்லிஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகிக் கையை விட முடியாமல் போகும், அதனால் அவராக விடுவார் என்று நிற்க வேண்டாம். மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கணினியில் தீ என்றாலும் முதலில் மின்சாரத்தைத்தான் துண்டிக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

எல்லாம் மாட்டிவிட்டேன். முதல் தடவை ஆன் செய்யும்போது?

கையைக் கேபினெட்டுக்கு வெளியே எடுங்கள். ஒரு விரல் பவர் சப்ளைச் சுவிட்ச் பக்கத்தில் இருக்கட்டும். புகை, கருகல் வாசனை, ‘டப்’ சத்தம், மூன்றில் எது வந்தாலும் உடனே அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்கலாமே என்ற ஆசைதான் மிச்சமிருக்கும் பாகங்களையும் கொண்டுபோகும்.

எதுவுமே வரவில்லை, விளக்குகூட எரியவில்லை என்றால் பதற வேண்டாம். எனக்கு வரும் இந்த வகை அழைப்புகளில் பாதிக்குப் பதில் ஒன்றுதான்: கணினிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், அந்தச் சுவிட்ச் இன்னும் வட்டக் குறி பக்கமே இருக்கும்.